தொண்ணூற்றாறு இலைகள்

அத்தியாயம் 14

மாத்தளையை அடுத்த பலாபத்வல பக்கம் மிளகுக்கொடிகள் மஞ்சளாகிச் சாகத் தொடங்கி பதினான்கு மாதமாகிவிட்டது. முதலில் போனது ரிஸ்வியின் தோட்டம். அடுத்தது ரோட்டுக்கு மேற்கே மூன்று தோட்டங்கள். போன மாதம் யட்டவத்த பக்கமும் இரண்டு. இலை வெளுக்கும், காய் பிடிக்கும் திரி குட்டையாகும், காய்க்கவேண்டிய மூன்றாம் வருஷத்தில் கொடி கையை விரித்துவிடும். மருந்து அடித்தார்கள். சுண்ணாம்பு போட்டார்கள். ஒரு தோட்டத்தில் பூசையும் நடந்தது. கொடி எதற்கும் கேட்கவில்லை.

மிளகு நாற்றுமேடை நடத்தும் நல்லையாவின் மகள் விதுஷா பேராதனை கெம்பஸில் படித்து, அங்கேயே ஓர் ஆய்வில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். நோய்ப்பட்ட தோட்டங்களிலெல்லாம் ஏறி இறங்கி இலை பறித்தவள் அவள்தான். மொத்தம் தொண்ணூற்றாறு இலைகள். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று அந்த இலைகளின் மரபணு எழுத்துகளை வாசித்து, உள்ளங்கையளவு கறுப்பு டிஸ்க் ஒன்றில் போட்டு அனுப்பியிருந்தது. கெம்பஸின் பெரிய கம்பியூட்டரில் கொஞ்ச இலைகளை ஒருமுறை போட்டுப் பார்த்தாயிற்று; எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க அங்கே இடம் கிடைக்க இன்னும் ஒன்றரை மாதம். சனிக்கிழமை நல்லையாவின் நாற்றுமேடையிலிருந்து நாலாயிரம் மிளகுக்கன்றுகள் பலாபத்வலவுக்குப் போகின்றன. செத்த கொடிகளின் இடத்தில் நட.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை நல்லையா மகளைக் கூப்பிட்டார்.

"எந்த மெசின் வேணுமோ அத வாங்கிக்க. கொறைஞ்சத வாங்கிட்டு வந்து பத்தலன்னு நிக்காத."

"சரிப்பா."

"யாரு கன்னுல இருந்து இந்த வெனை வந்திச்சின்னு எனக்குத் தெரியணும். யட்டவத்தயில புதுசா நாற்றுமேட போட்டானே, அவன்ட மேலதான் எனக்குச் சந்தேகம். எங்கெங்கயோ கெடந்த கொடிய வெட்டிக்கிட்டு வாறான்."

பதின்மூன்று வயதில் ரப்பர் தோட்டத்தில் குழி வெட்டப் போனவர் நல்லையா. குழி குத்தும் இரும்பு அலவாங்கு விழுந்து இடது காலின் சுண்டுவிரல் போனது. முப்பது வருஷம் அடுத்தவன் மண்ணைக் கிண்டி, இந்த முக்கால் ஏக்கரை எழுதி வாங்கினார். வாங்கிய அன்று நட்ட முதல் கொடிதான் தாய்க்கொடி. கிளிசிறிடியா மரத்தில் இருபதடி ஏறி நிற்கிறது. ஒரு வருஷமும் காய்க்கத் தவறியதில்லை. இந்த மேடையிலிருந்து போகும் ஒவ்வொரு கன்றும் அதன் பிள்ளை, இல்லாவிட்டால் பேரப்பிள்ளை. நல்லையாவுக்குக் கைராசி என்று மாத்தளை முழுக்கப் பேச்சு.

மகள் இலை சேர்க்கிறாள் என்று தெரிந்ததும் தாய்க்கொடியில் ஓர் இலையைக் கிள்ளி அவரே கொடுத்தார். "இதையும் போடு. நல்ல கொடி எப்பிடி இருக்கும்னு அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியட்டும்." அதுதான் தொண்ணூற்றாறாவது இலை.

மேடையில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்த மனைவி பாலாமணி நிமிர்ந்தாள்.

"ஒரு கம்பியூட்டர் வாங்க அண்ணனும் தங்கச்சியும் ரெண்டு பேரா? பொண்ணு பார்க்கப் போற மாதிரி."

"பொண்ணு பார்க்கப் போறதுன்னா நீயும் வந்திருப்ப" என்றார் நல்லையா.

மகன் உதயராஜ் சிரிக்கவில்லை. த்ரீவீலை ஸ்டார்ட் பண்ணிவிட்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

*

பஸ்லியின் கடை மாத்தளை டவுனில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடி. ஏறும் படியிலேயே சாம்பிராணி வாசம். கண்ணாடி அலுமாரிக்குள் சிவப்பும் நீலமுமாக மின்னிக்கொண்டு ஒரு கம்பியூட்டர் நின்றது.

"தங்கச்சி, இதப் பாருங்க" என்றான் பஸ்லி. "கொழும்புலயும் இப்ப இந்த கார்ட் இல்ல. கேம் போட்டீங்கன்னா பறக்கும்."

"நான் கேம் ஆடப் போறதில்ல நானா." முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்ப வீடியோ எடிட்டிங்?"

"இல்ல. மிளகு இல."

பஸ்லி உதயராஜைப் பார்த்தான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். உதயராஜ் தோளைக் குலுக்கினான்.

"அது கேக்கிறதக் குடு மச்சான். ஆனா அந்த கார்ட் நல்லதுதானே? பெரிய வேலைக்குப் பெரிய கார்ட்தானே வேணும்?"

"இந்த வேலைக்கு வேணாம்ணே" என்றாள் விதுஷா. "படம் தெரிஞ்சாப் போதும். இருக்கிறதுலயே சின்னதப் போடுங்க. மிச்சத்த ரேமுக்குப் போடுங்க."

"எவ்வளவு?"

"நூத்தி இருபத்தெட்டு."

பஸ்லி விசிலடித்தான். "என்ட வீட்டுல ஈக்கிறது எட்டு."

"வீட்டுல மிளகு காயப்போடுவீங்கதானே நானா? சாக்கு எத்தனையும் ஸ்டோர்ல கெடக்கலாம். அதுதான் டிஸ்க். கிளற எத்தன ஆளும் நிக்கலாம். அது புரொசசர். ஆனா காய விரிக்கிற படங்கு சின்னதா இருந்தா? கொட்டவே ஏலாதே. ரேம்னா அந்தப் படங்கு. தொண்ணூத்தாறு எலையையும் ஒரே படங்குல கொட்டி, கெடக்கிற துண்டுல எது எதோட ஒட்டுதுன்னு பார்க்கணும்."

"கொட்ட இடம் பத்தலன்னா?" இதைக் கேட்டது உதயராஜ்.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே செத்துரும். ரெண்டு நாள் ஓடிட்டுச் சாகும். பிறகு முதல்ல இருந்து."

உதயராஜ் தலையாட்டினான். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினான்.

பஸ்லி பெட்டிகளை இறக்கத் தொடங்கினான். பதினாறு கோர் புரொசசர் ஒன்று இருந்தது. முப்பத்திரண்டு ஜிபி ரேம் நாலு இருந்தது.

"நாலையும் போட்டா வேகம் கொஞ்சம் எறங்கும் தங்கச்சி. ரெண்டு போட்டா நல்லா ஓடும்."

"வேகம் எறங்கட்டும் நானா. இடம்தான் வேணும்."

"டிஸ்க்?"

"சுத்துற டிஸ்க் வேணாம். போர்ட்லயே சொருகுற வகையில ரெண்டு டிபி. லைட்டெல்லாம் கழட்டிடுங்க. அந்தக் காசுக்குப் பெரிய ஃபேன். இது கேம் மாதிரி ரெண்டு மணித்தியாலம் இல்ல, நாலு நாள் முழு வேகத்துல நிக்கும். யூபிஎஸ் ஒண்ணும். எங்கட பக்கம் இடி இடிச்சா கரண்ட் போயிரும்."

பஸ்லிக்கு இப்போது ஆர்வம் வந்துவிட்டது. ஸ்குரூட்ரைவரைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டான். "சரி, அந்த இலையெல்லாம் கொட்டிப்போட்டு நோய் வருத்தத்த எப்பிடிப் புடிப்பீங்க?"

"லேசுதான். வருத்தக்காரக் கொடியில என்னென்ன இருக்குன்னு எடுப்போம். நல்ல கொடி ஒண்ணுல இருக்கிறதெல்லாம் அதுல இருந்து கழிப்போம். ரெண்டுலயும் இருக்கிறது கொடியோட சொந்தம். கழிச்சு மிச்சம் நிக்கிறதுதான் வருத்தம்."

"நல்ல கொடி எது?"

"அப்பாவோட தாய்க்கொடி."

"அதவிட நல்ல கொடி மாத்தளையில எங்க ஈக்கி?" என்றான் பஸ்லி. "கெம்பஸ்ல ஒருக்காப் பார்த்ததாச் சொன்னீங்களே, என்ன மிச்சம் நின்டிச்சு?"

"ஒண்ணும் நிக்கல." விதுஷா நெற்றியைத் தேய்த்தாள். "கொஞ்ச இலைதான் போட முடிஞ்சது, அதனாலதான். எல்லாத்தையும் போட்டா மாட்டும்."

உதயராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்தான். வெயில் சுளீரென்று அடித்தது. ஐப்பசி வெயில். பின்னேரத்துக்கு மழை நிச்சயம்.

*

மெசினைப் பூட்ட இரண்டு மணித்தியாலம் என்றான் பஸ்லி. விதுஷா யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் முன்னால் கிளம்பினாள். அறையில் மேசையை ஒதுக்கி பிளக் பொயின்டைச் சரிபார்க்க வேண்டும்.

அவள் படியிறங்கிய சத்தம் அடங்கும்வரை உதயராஜ் காத்திருந்தான்.

"பஸ்லி. ரேம்ல ரெண்டக் கழட்டிரு."

"என்ன?"

"நாலுல ரெண்டு. வேகம் எறங்கும்னு நீதானே சொன்ன. அடுத்த கிழம வந்து போட்டுக்கிறேன்."

"தங்கச்சி நூத்தி இருபத்தெட்டுன்னு..."

"அது மூடியத் தொறந்து பாத்துக்கிட்டா இருக்கப் போகுது? கழட்டு."

பஸ்லி அவன் முகத்தைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குக் கொப்பியைத் தொலைத்துவிட்டு வந்து நின்ற அதே முகம். ஆனால் இப்போது வயது முப்பத்தொன்று.

"ஏதும் பெழையா மச்சான்?"

"ஒரு பெழையும் இல்ல."

பிழை இருந்தது. ஆறு கிழமையாக, நாற்பது நாளுக்கு மேலாக, உதயராஜ் விடிய ஐந்து மணிக்கே எழும்பி, பின்மேடைக்குப் போய் மஞ்சளடிக்கும் இலைகளைக் கிள்ளி இடுப்புச் சாரனில் முடிந்துகொண்டு வருகிறான். அடுப்பில் போடுகிறான். முதல் நாள் மூன்று இலைகள். நேற்று ஒரு சாரன்நிறைய. அப்பா காணவில்லை. அம்மா கண்டாளோ தெரியாது.

சனிக்கிழமை கன்று போய்விட்டால் போதும் என்று நினைத்தான். அதற்குப் பிறகு அந்த மெசின் என்ன சொன்னாலும், நோய் அந்தத் தோட்டங்களில் முன்னமே இருந்தது என்று சொல்லிவிடலாம். இதற்கு மேலும் ஒன்று இருந்தது. அதை அவன் நினைக்க விரும்பவில்லை.

படியில் இறங்கும்போது போனை எடுத்து லொறிக்காரனைக் கூப்பிட்டான்.

"சனிக்கிழமைக்குச் சொன்னேனே, அத இன்னைக்கே எடுப்பமா? பின்னேரம் மழ. நட்டாப் புடிச்சிரும்."

*

மத்தியானம் ஒரு மணிக்கு மெசின் விதுஷாவின் மேசையில் இருந்தது. ஓடவிட்டாள். திரையில் எண் வந்தது. அறுபத்துநான்கு.

ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். அறுபத்துநான்கேதான். பக்கத்து மூடியைக் கழற்றினாள். நாலு இடத்தில் இரண்டு வெறுமையாகக் கிடந்தன. சொருகிக் கழற்றிய தடம் புதிதாக இருந்தது.

வாசலில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தான் உதயராஜ்.

"அண்ணே, ரெண்டு எங்க?"

"கடையில ஸ்டொக் இல்லயாம்."

"என் கண்ணுக்கு முன்னாலதான் நாலு பெட்டியையும் ஒடைச்சாங்க."

அவன் கழற்றிக் கிடந்த மூடியைப் பார்த்தான்.

"வித்துட்டியா?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராமல் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அதற்குள் நுழைந்துகொண்டான்.

"ம். கையில காசு முடையாப் போச்சு. அடுத்த கிழம எடுத்துத் தாறேன்."

"த்தூ. தங்கச்சியோட மெசின்ல கை வைக்க வெக்கமா இல்ல? அப்பாகிட்ட சொல்லட்டா?"

"சொல்லு."

கள்ளன் என்ற பேர் போதும். அது லேசான பேர். உதயராஜ் திரும்பிப் போனான். அவன் கோபப்படாதது விதுஷாவுக்கு என்னவோ போலிருந்தது. எதற்கெடுத்தாலும் குரலை உயர்த்துகிறவன் அவன்.

யோசிக்க நேரமில்லை. தொண்ணூற்றாறையும் ஒன்றாகக் கொட்ட இப்போது இடமில்லை. பாதிப் படங்குதான் இருக்கிறது. ஓர் இலை, ஓர் இலையாகப் போடலாம். கழிக்கிற வேலையெல்லாம் பிறகு. முதலில் மெசின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எந்த இலை?

சுத்தமான இலையைப் போட்டால், நோய் எதுவும் இல்லை என்று வரவேண்டும். அப்படி வந்தால் மெசின் சரி.

தொண்ணூற்றாறாம் இலையைப் போட்டாள். மிளகுக்கொடியின் சொந்த எழுத்துகளை ஒதுக்கு. மீதியை ஒட்டித் தை. தைத்ததை உலகத்தில் தெரிந்த வைரஸ் பட்டியலோடு ஒப்பிடு என்று கட்டளை கொடுத்தாள். ஃபேன் உறுமியது. பதினாறு கோரும் ஒன்றாக எழும்பின.

பாலாமணி ஒரு கோப்பை பிளேன்டீயோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி இது, ரைஸ் மில்லு மாதிரி சத்தம்?"

"வேல செய்யுதும்மா."

"ஒங்கண்ணன் அறைக்குள்ள போய்ப் படுத்திருக்கான். சோறும் வேணாமாம். சண்ட புடிச்சீங்களா?"

"அவன்கிட்டயே கேளுங்க."

பாலாமணி போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு மெசினையே பார்த்தாள்.

"இது பொய் சொல்லுமா?"

"நாம குடுக்கிறதத்தான் சொல்லும்மா."

"அப்ப சரி" என்றாள் பாலாமணி. அவள் எதற்கு அப்படிக் கேட்டாள் என்று விதுஷாவுக்கு அப்போது விளங்கவில்லை.

*

மூன்று மணிக்கு முடிவு வந்தது. திரையில் ஒன்றும் இருந்திருக்கக் கூடாது. ஒரு வரி இருந்தது.

வைரஸ் ஒன்று. துண்டு துணுக்காக இல்லை. தலையிலிருந்து வால்வரை முழு நீளம்.

பிழையாக வேறு இலையைப் போட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தாள். கோப்பின் பேரைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. இலை பறித்த கொப்பியை எடுத்துப் புரட்டினாள். தொண்ணூற்றாறுக்கு நேரே அப்பாவின் கோணல் எழுத்து. தானே எழுதுவேன் என்று பேனையைப் பிடுங்கி எழுதியது: 'நல்ல கொடி.'

கொப்பியை மூடாமலே மேசையில் வைத்தாள்.

கெம்பஸில் ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை என்று இப்போது தெரிந்தது. இடம் போதாமல் அல்ல. நோய்க்கொடியில் இருந்ததிலிருந்து நல்ல கொடியில் இருந்ததைக் கழித்தாள். இரண்டிலும் ஒரே நோய். கழித்தால் என்ன மிஞ்சும்? நோயை அவளே தன் கையால் துடைத்துவிட்டிருக்கிறாள். பெரிய மெசின் வாங்கி நாலு நாள் ஓட்டியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். ஒன்றுமில்லை என்ற பதில் இன்னும் நம்பிக்கையாக வந்திருக்கும்.

இன்னொன்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் இலை. ரிஸ்வியின் தோட்டத்தில் முதலில் செத்த கொடி; இந்த மேடையிலிருந்து போன கன்று. கழிக்காமல், தனியாக. ஓடவிட்டாள்.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு லொறி பின்னுக்கு வரும் பீப் சத்தம் கேட்டது. ஜன்னலால் பார்த்தாள். சனிக்கிழமை வரவேண்டிய லொறி. உதயராஜ் கன்றுத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அப்பா மேலே நின்று வாங்கி அடுக்குகிறார்.

"மெதுவாடா! நுனி முறியப் போகுது!"

"மழை வருதுப்பா, கெதியா!"

இடி இடித்தது. கரண்ட் போனது. வீடு கறுத்தது. யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது. திரை மட்டும் எரிந்தது. யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கும். வேலை முடிய இன்னும் பதினேழு நிமிஷம் என்று காட்டியது.

சத்தம் கேட்டு உதயராஜ் உள்ளே வந்தான். தலையில் மண். மேசைக்குக் கீழே யூபிஎஸ்ஸிலிருந்து ஒரே ஒரு வயர் மேலே போகிறது. அவன் காலிலிருந்து ஒரு முழம். விதுஷா அவனைப் பார்த்தாள். அவன் வயரைப் பார்த்தான்.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "ரேமை நீ விக்கலதானே?"

அவன் வயரைத் தொடவில்லை. திரும்பி முற்றத்துக்கு ஓடினான். முன்னைவிட வேகமாகத் தட்டுகளைத் தூக்கினான்.

பதினேழு நிமிஷம். அதே வைரஸ். தொண்ணூற்றாறையும் பன்னிரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்துகளில் நாலே நாலு எழுத்துதான் வித்தியாசம். ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

*

முற்றத்தில் பெருந்துளிகள் விழத் தொடங்கியிருந்தன. லொறியில் முக்கால்வாசி ஏறிவிட்டது.

"அப்பா, நிப்பாட்டுங்க."

"என்னாம்மா? மழைக்கு முன்ன..."

"நோய் நம்ம கொடியில இருக்கு. தாய்க்கொடியில."

நல்லையா லொறியின் பின்பலகையில் நின்றபடி குனிந்து பார்த்தார். கையில் ஒரு தட்டு. நாற்பது கன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு பச்சை இலை.

"தாய்க்கொடியப் பாரு" என்றார். "ஒரு புள்ளி இருக்கா? ஒரு மஞ்சள் இருக்கா?"

"சில கொடி நோயச் சுமக்கும்ப்பா. காட்டாது. அதுல இருந்து வெட்டின கன்னுலதான் காட்டும்."

"அவங்க தோட்டத்துல இருந்து பூச்சி கொண்டாந்திருக்கும்."

"எங்க இருந்து வந்தாலும் இப்ப இதுக்குள்ள இருக்கு. நீங்க கையில வச்சிருக்கிறது அதோட பிள்ளை."

மழை லொறிப் படங்கில் தட்டியது. டிரைவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"இந்தக் கன்னெல்லாம் செத்துருமாடி?" பாலாமணி கேட்டாள்.

"இப்ப சாகாதும்மா. வளரும். கொடி ஏறும். காய்க்கிற வருஷம் சாகும்."

நல்லையா தட்டைக் கீழே வைத்தார். தாய்க்கொடி நின்ற பக்கம் பார்த்தார். மழையில் அது பளபளவென்று நின்றது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆயுசில் எத்தனையோ தடவை துரைமார் முன்னால் நின்று பழகிய முகம் அது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"இன்னும் யாருக்கும் தெரியாது."

"அப்ப ஏத்து" என்றார்.

"அப்பா!"

"ஏத்துடான்னு சொன்னேன். முப்பது வருஷம் மண்ணு கிண்டினேன். ஒரு எழவெடுத்த பெட்டி ஒரே நாள்ல என் பேரத் திங்க விடமாட்டேன். அவங்க கொடி ஏற்கெனவே செத்ததுதானே? செத்த எடத்துல சாகிறது என்ன புதுசு?"

பாலாமணி கையிலிருந்த தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஏத்த மாட்டேன்."

"நீயுமா?"

"இவன் விடியக்காலையில எலைய அடுப்புல போட்டப்பவே நெனச்சேன். பயத்துல கேக்கல. கேட்டிருக்கணும்." அவள் மகனைப் பார்க்காமலே சொன்னாள். "நாம கூலிக்குப் போன வீட்டுலகூட அழுகின அரிசிய அடுத்தவன் சட்டியில போட்டதில்ல."

நல்லையா லொறியிலிருந்து இறங்கி மகன் பக்கம் திரும்பினார். உதயராஜ் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. லொறியின் பக்கப் பலகையில் கையால் இரண்டு முறை தட்டினான். "வண்டிய எடுங்கண்ணே. ஏத்தினது போதும்."

டிரைவர் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு ஏறினான். வண்டி முனகிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. சேற்றில் இரண்டு சக்கரத் தடம். அதில் உடனே தண்ணீர் நிறைந்தது.

விதுஷா போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றார் நல்லையா.

"ரிஸ்வி நானாவுக்கு."

"வை கீழ."

"மாட்டேம்ப்பா."

அவர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள். பின்னால் ஓர் அடியும் வைக்கவில்லை. போனைக் கொடுக்கவும் இல்லை. ஸ்பீக்கரை அழுத்தி இருவருக்கும் நடுவில் பிடித்தாள். மணி போனது. மூன்றாம் மணியில் எடுத்தார்கள்.

"என்ன தங்கச்சி, லொறி வெளியாகிட்டா?" ரிஸ்வியின் குரலில் சந்தோஷம். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். "குழியெல்லாம் வெட்டி வச்சீக்கி. மழையும் புடிச்சிட்டு."

"நானா, லொறி வந்தா கன்ன எறக்க வேணாம். திருப்பி அனுப்புங்க."

"ஏன்?"

விதுஷா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுல நோய் இருக்கு. எங்க தாய்க்கொடியிலயே இருக்கு. ஒங்க தோட்டத்துக்கும் இங்க இருந்துதான் வந்திருக்கு."

யாரையோ அதட்டிக் கதவை மூடினார் ரிஸ்வி. பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"அப்ப உதயராஜ் தம்பி கொண்டாந்து தந்தது?"

"எது நானா?"

"மூணு கிழமைக்கு முந்தி. ஆயிரத்து இருநூறு கன்னு. அப்பாவுக்குச் சொல்ல வேணாம், தன்ட பொறுப்புல தாறேன்னு சொல்லித்தான் தந்தாரு. தோட்டத்துல மேல் பக்கம் நட்டு இப்ப வேர் புடிச்சீக்கி. யட்டவத்தயில என்ட மச்சான்மாருக்கும் கொஞ்சம் பிரிச்சிக் குடுத்தன்." ரிஸ்வி நிறுத்தினார். "அதுவுமா தங்கச்சி?"

விதுஷா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். நல்லையாவின் நீட்டிய கை அப்படியே கீழே இறங்கியது. அவர் மகனிடம் நடந்து போனார். மழை இருவர் தலையிலும் கொட்டியது. அடிக்கவில்லை. சத்தம் போடவில்லை.

"ரிஸ்விக்குக் குடுத்த. இன்னும் எத்தன பேருக்குடா குடுத்த?"

உதயராஜ் வலது கையைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினான். அந்தக் கை முடிந்தது.

அடுத்த கையைத் தூக்கினான்.